காலமும் காலகாலனும்
(திருக்கோயில் விழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.

மாசிலாமணீசுவரப் பெருமானின் திருவடிகளையும், கொடியிடை நாயகியம்மையின் மலரடிகளையும் சிந்தித்து வணங்குகின்றோம்.



திருமுல்லைவாயில் என்னும் இத்திருத்தலத்தில், விழாக்காலத்து மாலையில், அடியார் திருக்கூட்டத்தின் நடுவே அமர்ந்து பேசும் பேறு திருவருளால் நமக்குக் கிட்டியிருக்கின்றது. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் அன்பர்கள் வந்திருக்கின்றீர்கள். வேலைத்தலத்திலிருந்து வீட்டிற்கும் செல்லாமல் நேரே இங்கு வந்தவர்களும் பலர் இருப்பதைக் காண்கின்றோம்.

யாம் திருக்கோயிலுள் நுழைந்தபோது விழாக் குழுவினர் எம்மிடம் அன்போடு ஒன்று கூறினர். "ஐயா, சரியாக ஆறு மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு நிறைவு செய்துவிட வேண்டும், அதன்பின் சுவாமி புறப்பாடு" என்றனர். அவர்கள் கூறியது முறையே. எனினும் அவர்களுள் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஆறாகிவிட்டது" என்றார். மற்றொருவர் கைப்பேசியைப் பார்த்து "இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது" என்றார். இருவர்க்கும் இடையே ஒரு சிறு வழக்கு எழுந்தது. அவ்வேளையில் எம் கண் கொடிமரத்தின் மேற் சென்றது. மேற்கே சாய்ந்த ஞாயிற்றின் ஒளியில் அதன் நிழல் கிழக்கு நோக்கி நீண்டு, சற்று நேரத்தில் மங்கி, தரையோடு தரையாகக் கலந்துவிட்டது. அது எவரோடும் வழக்கிடவில்லை. இன்று பேசவேண்டிய பொருளை அந்நிழலே எமக்கு எடுத்துக் கொடுத்தது.

காலத்தை அளப்பதற்கு நம் முன்னோர் நிழலைக் கொண்டனர். நாம் கடிகார முள்ளைக் கொண்டுள்ளோம். இவ்விரண்டும் எதனை அளக்கின்றன? இவற்றுள் எது மெய்? அளக்கப்படும் காலத்திற்கும், காலகாலனாகிய சிவபெருமானுக்கும் உள்ள தொடர்பு யாது? இவற்றைச் சிறிது சிந்திப்போம்.

அன்பர்களே, தமிழர் காலம் அளந்த முறை மிகப் பழையது. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஒரு நாழிகையை 60 விநாடியாகப் பகுத்தனர். ஆகவே பழைய விநாடி ஒன்று இன்றைய 24 வினாடிக்குச் சமம். ஏழரை நாழிகை ஒரு சாமம். எட்டுச் சாமம் ஒரு நாள். இரவில் ஞாயிறு இல்லை. மழைக்காலத்தில் பகலிலும் அது தோன்றுவதில்லை. அப்போது நீரைக் கொண்டு அளந்தனர். சிறு துளை வழியே நீர் இறங்கும் வட்டிலை வைத்து நாழிகை கணக்கிட்டு, அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரைப் பற்றி முல்லைப்பாட்டு கூறுகின்றது. அந்நீர்க்கருவிக்குக் கன்னல் என்று பெயர்.

பகற்பொழுதுக்கோ நிழலே கருவி. நாட்டுப்புறத்தில் எழுத்தறியாதவரும் அறிந்திருந்த ஒரு முறையைக் கேளுங்கள். 16 விரற்கடை நீளமுள்ள ஒரு துரும்பை எடுத்து, அதனை ஓரிடத்தில் மடித்து, ஒரு பகுதியைத் தரையில் கிடத்தி, மற்றொரு பகுதியை நிமிர்த்தி நிறுத்துவார்கள். நிமிர்ந்த பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை மாற்றிக்கொண்டே வருவார்கள். தொட்டவுடன், நிமிர்ந்து நிற்பது எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை. முற்பகலாயின் விடிந்து அத்தனை நாழிகை ஆயிற்று. பிற்பகலாயின் பொழுது சாய அத்தனை நாழிகை இருக்கிறது.

இஃது ஏதோ குருட்டுக் கணக்கு என்று எண்ணிவிடவேண்டா. காலை ஒன்பது மணியளவில் ஞாயிறு அடிவானத்திற்கும் உச்சிக்கும் நடுவே நிற்கும். அப்போது பொருளின் உயரமும் நிழலின் நீளமும் சமமாகும். துரும்பு எட்டு விரல் நிமிர்ந்தும் எட்டு விரல் கிடந்தும் இருக்கும். விடிந்து மூன்று மணி நேரம் என்பது ஏழரை நாழிகை. எட்டும் ஏழரையும் எவ்வளவு அணுக்கமாக உள்ளன, பாருங்கள்! ஒரு துரும்புக்குள் வானசாத்திரம் அடங்கியிருக்கின்றது. உழவன் வரப்பில் நின்று அதனை அறிந்தான்.

திருக்கோயில்களுக்கும் நிழலுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ஆலயம் எடுக்கத் தொடங்கும்போது முதலில் திசையைத் துணிய வேண்டும். அதற்குச் சங்கு நாட்டுதல் என்று பெயர். நிலத்தைச் சமன்செய்து, நடுவே சங்கு என்னும் சிறு முளையை நாட்டி, அதனைச் சுற்றி வட்டம் வரைவார்கள். முற்பகலில் முளையின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கோட்டால் இணைத்தால் அதுவே கிழக்கு மேற்குக் கோடு. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் இதனை விரித்துரைக்கின்றன. நெடுநல்வாடையும், உச்சிப்போதில் நிழல் பார்த்து அரண்மனைக்கு மனை வகுத்த செய்தியைச் சொல்லுகின்றது. ஆகவே, நாம் வணங்கும் கருவறை எழுவதற்கு முன்னர் அவ்விடத்தில் எழுந்தது ஒரு நிழலே ஆகும். கல்லுக்கு முன்னே நிழல் வந்து இடம் காட்டிற்று.

நாள்தோறும் நிகழும் பூசைகளையும் நோக்குங்கள். உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாங்காலம், அர்த்தசாமம் என ஆறு காலம். விடியல், உச்சி, மாலை என்று ஞாயிற்றைக் கொண்டே பெயர் அமைந்தது. மணியைக் கொண்டு ஒரு பூசைக்கும் பெயரில்லை.

சோழநாட்டில், கும்பகோணத்தை அடுத்துத் திருவிசநல்லூர் என்னும் தலம் இருக்கின்றது. தேவாரத்தில் அதன் பெயர் திருவியலூர். காவிரியின் வடகரைத் தலங்களுள் ஒன்று; திருஞானசம்பந்தப் பெருமான் பாடியது. அங்கே சிவயோகநாதராக இறைவன் எழுந்தருளியிருக்கின்றான். அத்திருக்கோயிலின் மதிற்சுவரில், கருங்கல்லில் அரைவட்டமாகச் செதுக்கப்பட்ட ஒரு நிழற்கடிகாரம் உள்ளது. வட்டத்தின் நடுவே ஒரு பித்தளை முள். வெயில் படும்போது அம்முள்ளின் நிழல் கல்லிலே வெட்டிய கோடுகளின்மேல் காலை முதல் மாலை வரை மெல்ல நகர்கின்றது. அதற்குச் சாவி கொடுப்பார் இல்லை. எண்ணெய் இடுவார் இல்லை. அங்கு செல்லும் அன்பர்கள், பெருமானைத் தரிசித்தபின் அச்சுவரின் எதிரே சற்று நிற்றல் வேண்டும். கடிகாரத்தில் முள் நகரும், தட்டு அசையாது நிற்கும். அங்கேயோ முள்ளும் நிற்கின்றது, கல்லும் நிற்கின்றது. ஒளி செல்ல, நிழல் மட்டுமே நகர்கின்றது. இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

வடக்கே செய்ப்பூரில் சவாய் செய்சிங் மன்னர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுப்பித்த சாம்ராட் யந்திரம், ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள பெரும் நிழற்கருவி. மாளிகை போன்ற அதன் நிழலைக் கொண்டு இரண்டு வினாடி அளவிற்கு நுட்பமாக நேரம் கூற முடியும் என்பர். நிழல் என்றால் ஏதோ ஏறுமாறான கணக்கு என்று எண்ணுவோர் இதனை அறிதல் நலம்.

இனிக் கடிகாரத்திற்கு வருவோம்.

நம் பகுதிக்குக் கடிகார நேரம் எவ்வாறு வந்தது? இதோ இத்திருக்கோயிலுக்குத் தொலைவில்லாமல் ஓடுகின்றதே இருப்புப்பாதை, அதன் வழியே வந்தது. 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் அம்பத்தூர், ஆவடி நிலத்தின் வழியே ஓடிற்று. இரயிலுக்கு நிழல் போதாது. ஓர் ஊரின் உச்சிப்போது அடுத்த ஊரின் உச்சிப்போது அன்று. கிழக்கே உள்ள ஊரில் ஞாயிறு முன்னே உச்சிக்கு வரும். மேற்கே உள்ள ஊரில் பின்னே வரும். ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிட வேறுபாடு. ஊர்தோறும் தன் தன் நேரம் என்றால் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதிக்கொள்ளும். எனவே எல்லா ஊருக்கும் ஒரே நேரம் வேண்டியதாயிற்று.

அந்த நேரத்தைக் கொடுத்தது நம் சென்னையே. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் ஒன்று அமைந்தது. அதன் கருவி நின்ற கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளோடு இன்றும் அவ்வளாகத்தில் நிற்கின்றது. அங்கே கணித்த 'மதராஸ் நேரம்' தந்தி வழியே சென்று, பல்லாண்டுக் காலம் இந்திய இரயில்வேக்கு நேரமாக இருந்தது. பின்னர், 1906 சனவரி முதல் நாளிலிருந்து, 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அக்கோடு வடக்கே மிர்சாப்பூர்ப் பக்கமாகச் செல்வது. நம் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் காட்டுவது அக்கோட்டின் நேரத்தை.

திருமுல்லைவாயில் அக்கோட்டிற்கு மேற்கே இருப்பதால், நம் ஊரின் பொழுது கடிகாரத்திற்கு ஏறத்தாழ ஒன்பதரை நிமிடம் பின்தங்கியது. திருவிசநல்லூரில் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம். இதனோடு மற்றொன்றும் சேரும். பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதை முழுவட்டம் அன்று. அதன் அச்சும் சாய்ந்துள்ளது. ஆதலின் ஓர் உச்சிப்போதிலிருந்து மறு உச்சிப்போது வரை உள்ள இடைவெளி எல்லா நாளும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. கடிகாரமோ இவ்வேறுபாடுகளையெல்லாம் சராசரி செய்து, நாள் ஒவ்வொன்றும் 24 மணி நேரம் என்று ஒரே சீராக ஓடுகின்றது. அதனால் மாசி மாதத் தொடக்கத்தில் நம் ஊரில் ஞாயிறு உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12 மணி 24 நிமிடம் அளவில் காட்டும். ஐப்பசியின் நடுவில் 11 மணி 53 நிமிடத்திற்கே உச்சி வந்துவிடும். ஏறத்தாழ அரைமணி வேறுபாடு! "பன்னிரண்டு மணி, நண்பகல்" என்று நாம் சொல்வது ஓர் உடன்பாடு. நிழல் சொல்வது அவ்விடத்து உண்மை. சித்திரையின் முற்பகுதியில், ஏப்ரல் 24ஆம் நாளை ஒட்டி, நம் பகுதியில் ஞாயிறு நேர் உச்சியில் நின்று, நட்டு வைத்த கோலுக்கு நிழலே இல்லாமல் போகும் நாளும் உண்டு. ஆவணித் தொடக்கத்தில் மீண்டும் ஒருமுறை அது நிகழும்.

இதனை யாம் ஏன் இவ்வளவு விரித்துக் கூறுகின்றோம்? அன்றாட வழிபாட்டில் இதனால் ஒரு குழப்பம் நேர்கின்றது. பிரதோஷ காலம் என்றால் மாலை நாலரை முதல் ஆறு என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டோம். பிரதோஷத்திற்கு அளவு ஞாயிறு மறைவதே அன்றி மணி நாலரை அன்று. மறைவிற்கு முன் மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம், என்பது வழக்கில் உள்ள கணக்கு. சென்னைப் பகுதியில் கார்த்திகை மாதத்தில் 5 மணி 40 நிமிடம் அளவிலேயே ஞாயிறு மறைந்துவிடும். ஆனி மாதத்தில் 6 மணி 38 நிமிடம் வரை இருக்கும். ஆகவே கார்த்திகைப் பிரதோஷம் 4 மணி 10 நிமிடத்திற்கே தொடங்கிவிடுகிறது. ஆனிப் பிரதோஷம் 5 மணி 8 நிமிடத்திற்குத்தான் தொடங்குகிறது. இராகு காலமும் அவ்வாறே. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து அதில் ஒரு பகுதி இராகு காலம். நம் ஊரில் மார்கழியில் பகல் 11 மணி 22 நிமிடம் அளவு. ஆனியில் 12 மணி 54 நிமிடம் அளவு. எட்டில் ஒரு பகுதி எப்போதும் ஒன்றரை மணியாகவே எப்படி இருக்கும்?

ஒரு திருக்கோயிலில் யாம் கண்ட நிகழ்ச்சி இது. கார்த்திகை மாதத்துப் பிரதோஷம். மணி நாலரை ஆகவில்லை என்று அபிடேகத்தை நிறுத்தி வைத்திருந்தனர். பாற்குடத்தோடு ஒரு மூதாட்டியார் வெகுநேரமாக நின்றிருந்தார். அவர் வானத்தைப் பார்த்து, "ஏனப்பா, பொழுதுதான் இறங்கிவிட்டதே, இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "கடிகாரத்திற்காக, பாட்டி" என்று ஓர் இளைஞர் விளையாட்டாகச் சொன்னார். அனைவரும் சிரித்தனர், யாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அச்சிரிப்பு எம்மைச் சுட்டது. அம்மூதாட்டியார் கேட்டது நல்ல கேள்வி.

ஆனால் அன்பர்களே, இதனால் கடிகாரம் பொய், அதனைக் கழற்றி எறிக என்று யாம் கூறுவதாகக் கருதவேண்டா. அஃது அறியாமையாகும். ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலை உண்டு. அம்பத்தூரில் பெரிய தொழிற்பேட்டை உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் இரவுப் பணிக்குச் செல்பவர்கள்! நள்ளிரவில் பணி மாறும் தொழிலாளிக்கு எந்த நிழல் நேரம் சொல்லும்? நோயாளிக்கு மூன்று மணிக்கொருமுறை மருந்து கொடுக்கும் செவிலித்தாய்க்குத் துரும்பு உதவுமா? ஒருவர் பணி முடித்து இல்லம் திரும்ப வேண்டுமானால் மற்றொருவர் குறித்த நேரத்தில் வந்தாக வேண்டும். கடிகாரம் என்பது மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லி அத்தனை மணிக்கு வருவது வாய்மை. வாய்மை சைவனுக்கு ஒழுக்கம்.

கடிகாரத்தின் நுட்பமும் வியப்பிற்குரியதே. இன்றைய கைக்கடிகாரத்தினுள் இருக்கும் சிறு படிகக்கல் ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. சீசியம் என்னும் தனிமத்தின் அணு தொடர்பான 919,26,31,770 அதிர்வுகளே ஒரு வினாடி என்று 1967இல் உலக நாடுகள் வரையறுத்தன. ஆயினும் நோக்குக: துரும்பாயினும் அணுவாயினும், அவை காலத்தைப் படைப்பதில்லை, அளக்க மட்டுமே செய்கின்றன. நாழி கொண்டு நெல்லை அளக்கலாம். நாழியால் நெல்லை விளைவிக்க முடியாது. ஒரு வினாடியை நூறு கோடியாகப் பகுக்க வல்லவனாலும், கழிந்துபோன ஒரு வினாடியைத் திரும்ப அழைக்க முடிவதில்லை.

அவ்வாறாயின் காலம் என்பது யாது? சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவாக விடை பகர்கின்றது. தத்துவங்கள் 36. அவற்றுள் வித்தியா தத்துவங்கள் ஏழு. அவ்வேழனுள் காலம் ஒன்று. அது மாயையிலிருந்து தோன்றுவது, சடம். இறந்தது, நிகழ்வது, எதிர்வது என மூன்றாக நின்று, உயிரின் வினைப்பயனுக்கு எல்லை வகுப்பது. சடமாதலின் அது தானே இயங்காது. இறைவன் திருவருட்சத்தியால் இயங்குகின்றது. ஆகவே, காலத்திற்கு உட்பட்டவர் நாம். காலத்தைக் கடந்தவன் அவன். மார்க்கண்டேயருக்காகத் திருக்கடவூரில் காலனை உதைத்தான் என்னும் புராணத்தின் உட்பொருளும் இதுவே. அதனால் அவனுக்குக் காலகாலன் என்று திருநாமம்.

இப்போது திருவிசநல்லூர்ச் சுவரை நினைவிற்குக் கொண்டு வாருங்கள். அங்கே முள் அசையவில்லை, நிழல் அசைந்தது. கதிரவன் எழுந்தவுடன் ஒரு தாமரை அரும்புகின்றது, ஒன்று மலர்கின்றது, ஒன்று வாடுகின்றது. கதிரவனோ எதனையும் விரும்பியும் வெறுத்தும் செய்யவில்லை, அதன் சந்நிதியில் அவை நிகழ்கின்றன என்று நம் ஆசிரியர்கள் உவமை கூறுவர். அவ்வாறே தான் எவ்வித மாறுதலும் அடையாமல் இறைவன் நிற்க, அவன் சந்நிதியில் காலமாகிய நிழல் நகர்கின்றது. அந்நிழல் எதற்காக நகர்கின்றது? நம்மை அச்சுறுத்துவதற்கு அன்று. காய் கனிவதற்கு நாள் வேண்டும். உயிரின் மலம் பரிபாகம் அடைவதற்கும் காலம் வேண்டும். காலம் என்பது, நாம் பக்குவப்படும்வரை பெருமான் காத்திருக்கும் பொறுமை. இதனை உணர்ந்தவன் காலத்தைப் பகையாகவும் கருதான், வீணாகவும் கழிக்கான்.

இந்த இடத்தில் இத்தலத்திற்கே உரிய ஒரு வரலாற்றை நினைக்க வேண்டும். இங்கே முல்லைக்கொடியை வெட்டிய தொண்டைமான் சக்கரவர்த்தியின் வரலாற்றை நீங்கள் நன்கறிவீர்கள்; அவனுக்குத் துணையாகப் புறப்பட்ட நந்தி இன்றும் சந்நிதிக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி இருப்பதைக் காண்கின்றீர்கள். யாம் கூற வருவது இங்கு வந்த நம்பியாரூரரைப் பற்றியது.

செங்குன்றத்தை அடுத்து ஞாயிறு என்று ஓர் ஊர் உண்டு. கதிரவன் பெயரே ஊரின் பெயர். அவ்வூரில் பிறந்தவர் சங்கிலியார். திருவொற்றியூரில் அவரை மணந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், "உன்னைப் பிரியேன்" என்று மகிழமரத்தின் அடியில் சூளுரைத்தார். நாள்கள் இனிது கழிந்தன. தென்றல் வந்தது, திருவாரூரில் வசந்த விழாவின் காலம் வந்துவிட்டதே என்னும் நினைவு வந்தது. அந்நினைவு மேலிட, சொன்ன சூளை மறந்தார். திருவொற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் மறைந்தன. கண்ணின்றி அவர் வந்து பாடிய தலம், இத்திருமுல்லைவாயில். இங்கிருந்து திருவெண்பாக்கம் சென்று ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது பெரியபுராணம்.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். திருவொற்றியூரிலிருந்து இவ்வூர் வரை நடந்துவந்த அவருக்கு நிழல் ஏது? பொழுது ஏது? முகத்தில் பட்ட வெம்மையைக் கொண்டு காலையா மாலையா என்று உணர்ந்திருப்பார். காலம் அளக்கும் கருவி யாதொன்றும் அவருக்குப் பயன்படாத நிலை. அந்நிலையில் இத்தலத்துப் பெருமானை அவர் எவ்வாறு விளித்தார் தெரியுமா? மேலான சுடரே என்று விளித்தார். சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைக் கவர்ந்ததையும் அப்பதிகத்திலேயே குறிப்பிட்டார். கண் இழந்தவர்க்கு அவன் சுடராகத் தோன்றினான். புறத்து ஞாயிறு மறைந்த இடத்தில் அகத்து ஞாயிறு எழுந்தது.

அவர் செய்த பிழை யாது? காலத்தை மறந்தது அன்று. விழாவின் காலத்தைச் சரியாகவே நினைத்தார்; கொடுத்த வாக்கை மறந்தார். இந்நுட்பத்தை நாம் உற்று நோக்க வேண்டும். நம்முள் பலரும் இப்பிழையைத்தான் செய்கின்றோம். மணியை மறப்பதில்லை, மனிதரை மறந்துவிடுகின்றோம்.

இதனைப் பிறர்மேல் வைத்துக் கூற எமக்கு உரிமையில்லை. எம் இளமையில் எமக்குச் சித்தாந்த நூல்களைப் பாடம் சொன்ன பெரியவர் ஒருவர் இருந்தார். சிற்றூரில் ஓட்டுவீடு, வாசலில் திண்ணை. பாடத்திற்கு அவர் வைத்த அளவு திண்ணைத் தூணின் நிழல். அது சுவரிலிருந்து இறங்கி இரண்டாம் படியைத் தொடும்வரை பாடம் நடக்கும். முதுமையில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆயினும் படியில் கையை வைத்துப் பார்த்து, கல் சுடுகிறதா குளிர்ந்திருக்கிறதா என்று கொண்டு நிழல் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

அக்காலத்தில் எம் முதல் ஊதியத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருந்தோம். ஒருநாள் சிவஞான சித்தியாரில் காலதத்துவத்தைப் பற்றிய இடம் நடந்துகொண்டிருந்தது. பேருந்துக்கு நேரமாயிற்று. யாம் மறைவாகக் கடிகாரத்தைப் பார்த்தோம். கண் மங்கிய அவருக்கு அது எவ்வாறு தெரிந்ததோ, "தம்பி, நிழல் இன்னும் படிக்கு வரவில்லை, இந்த ஒரு செய்யுளை முடித்துவிடலாம், இரு" என்றார். "அடுத்த வாரம் வந்து கேட்டுக்கொள்கிறேன் ஐயா" என்று சொல்லி எழுந்தோம். அவர் மறுக்கவில்லை. "நல்லது, போய்வா" என்றார்; ஏட்டை மூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் யாம் செல்லவில்லை. அதற்கு அடுத்த வாரமும் செல்லவில்லை. பின்னர் சென்றபோது திண்ணையில் விளக்கு வைத்திருந்தார்கள்.

அந்தச் செய்யுளுக்கு உரை எம்மிடம் இல்லையா? இருக்கின்றது. அச்சிட்ட உரைகள் பல உண்டு. யாமும் பல மேடைகளில் அதற்குப் பொருள் கூறியிருக்கின்றோம். ஆனால் அவர் சொல்ல எண்ணியது எதுவோ, அதனை இனி எவ்வுரையிலும் காண முடியாது. அன்று எம் கடிகாரம் பிழையின்றிச் சரியாகவே காட்டிற்று. யாம்தான் பிழைபட்டோம். சுந்தரருக்குக் கண்ணை மறைத்துத் திருத்திய பெருமான், எம்மை அந்த ஒரு செய்யுளைக் கொண்டு திருத்தினான் என்று கொள்கின்றோம். இன்றும் அவ்விடம் வரும்போது சற்று நிறுத்தி, அவரை வணங்கிய பின்னரே மேலே செல்கின்றோம்.

ஆகவே அன்பர்களே, இம்மாலையில் உங்களிடம் யாம் வேண்டிக்கொள்வன மூன்று.

முதலாவது: கடிகாரம் மக்களோடு உள்ள உடன்பாட்டிற்கு உரியது, அதில் தவறாதீர்கள். பணிக்குக் காலந்தாழ்த்திச் சென்று, பூசையில் இருந்தேன் என்று பெருமானைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

இரண்டாவது: வழிபாட்டுக் காலத்தை ஞாயிற்றைக் கொண்டு அறியுங்கள். பஞ்சாங்கத்தில் அன்றன்றைய உதயமும் மறைவும் கொடுத்திருக்கிறார்கள்; அதனைப் பாருங்கள். அதனினும் மேலாக, நாளுக்கு ஒருமுறையேனும் தலைநிமிர்ந்து வானத்தைப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு துரும்பை மடித்து நாழிகை பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். அதில் ஒரு தமிழும் இருக்கின்றது, ஒரு கணக்கும் இருக்கின்றது.

மூன்றாவது: இல்லத்தில் முதியவர் ஒருவர், "சற்று இரு" என்று சொல்லும்போது இருங்கள். அவர் சொல்வது உங்களுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கலாம். பலமுறை கேட்டதாகவும் இருக்கலாம். இருங்கள். அவர்களுடைய நிழல் படியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பேருந்து மறுபடியும் வரும்.

ஆண்டு முழுதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கும் இத்தலத்துப் பெருமான், சித்திரைச் சதயத்தில் அக்காப்புக் களையப்பெற்றுத் தம் திருமேனியைக் காட்டியருள்கின்றான். அதற்காக அடியார்கள் ஓராண்டு காத்திருக்கின்றார்கள். ஆனால் அவனோ நமக்காக எத்தனை பிறவிகள் காத்திருக்கின்றான்! அக்காத்திருப்பை அளக்க நிழலும் இல்லை, முள்ளும் இல்லை.

விழாக் குழுவினர் எம்மைப் பார்க்கின்றனர். ஏழேகால் ஆயிற்று என்பது அவர்கள் பார்வையின் பொருள். கொடுத்த வாக்கின்படி யாம் நிறைவு செய்கின்றோம். மங்கல வாத்தியம் கேட்கின்றது, சுவாமி புறப்படுகின்றான். அனைவரும் எழுந்து, காலகாலனாகிய பெருமானைக் கண்குளிரத் தரிசித்து, அவன் திருவருளால் எல்லா நலமும் பெற்று வாழ்வீர்களாக.

திருச்சிற்றம்பலம்.